புல்லட் பவுண்டேஷனுக்கு ரப்பர் புஷ் போடலாமா?

வார்ப்பிரும்பு350 | 3 மார்ச், காலை 7.50

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட், காஸ்ட் அயர்ன் 350. 65 தாண்டினா கண்ணாடில ஒண்ணும் தெரியல, ஃபுட்ரெஸ்ட்ல கால் மரத்துப் போகுது. வளைவுல பின்னாடி யாரோ பிடிச்சு லேசா ஆட்டுற மாதிரி இருக்கு. எஞ்சினை ஃப்ரேமோட பூட்டுற பவுண்டேஷன் போல்ட் ஓட்டையை எல்லாம் பெருசு பண்ணி, ரப்பர் புஷ் அடிச்சு, நடுவுல ஸ்லீவ் போட்டா ரெண்டும் போயிடும்னு லேத் பட்டறைல சொல்றாங்க. போட்டவங்க இருந்தா எத்தனை டிகிரி கெட்டி ரப்பர்னு சொல்லுங்க.

மரைகழண்டவன் | 3 மார்ச், காலை 9.15

போடாதீங்க.

புல்லட் ஃப்ரேமை எஞ்சின் இல்லாம ஒரு தடவை பாருங்க. ஹேண்டில்பார்ல இருந்து இறங்குற முன் குழாய் எஞ்சின் மூக்குக்கிட்ட வந்து அப்படியே நின்னுடும். அடியில தொட்டில் கிடையாது. அந்த இடைவெளியை மூடுறது கிரான்க் கேஸும் (எஞ்சினோட அடி ஓடு) கியர்பாக்ஸ் பிளேட்டும்தான். ஃப்ரேம்ல எஞ்சினும் ஒரு எலும்பு. எலும்புக்கு நடுவுல ரப்பர் வெச்சா முன் சக்கரம் ஒரு பக்கம் பாக்கும், பின் சக்கரம் இன்னொரு பக்கம் பாக்கும். இப்ப லேசா ஆடுறது அப்புறம் நல்லாவே ஆடும்.

செயினும் கெடும். ஆக்சிலரேட்டர் கொடுத்தா எஞ்சினைப் பின்னாடி இழுக்கிறது செயின்தான், அதுவும் இடது பக்கமா மட்டும். ரப்பர்ல நிக்கிற எஞ்சின் ஒவ்வொரு தடவை முறுக்கும்போதும் கோணலாகும், ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமா தேயும்.

கமாண்டோ_பிரியன் | 3 மார்ச், பகல் 1.30

அப்ப இங்கிலாந்து வண்டி நார்ட்டன் கமாண்டோ? 1967 லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியிலயே எஞ்சினை ரப்பர்ல உக்கார வெச்சுக் காட்டினாங்களே. வண்டி நல்லாத்தானே திரும்புது?

மரைகழண்டவன் | 3 மார்ச், இரவு 8.05

திரும்பும் அண்ணே. ஏன்னு பாத்தா புல்லட்ல ஏன் முடியாதுன்னும் புரிஞ்சிடும். கமாண்டோல ரப்பர் மேல நிக்கிறது எஞ்சின் மட்டும் இல்ல. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்ம் மூணும் ஒரே தொட்டில்ல சேர்ந்து கிடக்கு. ஸ்விங் ஆர்ம் பிவட் அந்தத் தொட்டில்லதான் இருக்கு, ஃப்ரேம்ல இல்ல. அதனால செயின் நீளமும் நேரும் மாறாது. மேல கீழ, முன்ன பின்ன எவ்வளவு வேணா ஆடலாம். பக்கவாட்டுல மட்டும் ஆட விடாம ரெண்டு பக்கமும் வழுக்கு வாஷர் வெச்சு அடைச்சிருக்காங்க. ஐசோலாஸ்டிக்னு அவங்க வெச்ச பேரோட சாரமே அந்தப் பக்கவாட்டுப் பூட்டுதான். ரப்பர் போடுறது எல்லாருக்கும் தோணும், அந்த வாஷர்லதான் மூளை இருக்கு.

லேத் பட்டறை சொல்றதுல ரப்பர் இருக்கு, பூட்டு இல்ல.

கமாண்டோ_பிரியன் | 3 மார்ச், இரவு 10.20

சரியாச் சொன்னீங்க தம்பி. பழைய மாடல்ல அந்தப் பக்கவாட்டு இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) போட்டு 10 தவ் (அங்குலத்துல ஆயிரத்துல பத்து), அதாவது 0.25 மி.மீ.க்கு வைக்கணும். 0.15 வரைக்கும் இறுக்குறவங்க உண்டு. நடுக்கம் கொஞ்சம் கூடும், ஆனா வளைவுல கல்லு மாதிரி நிக்கும். அதுக்கும் கீழ போனா வாஷர் பிடிச்சுக்கிட்டு ரப்பரை வேலை செய்ய விடாது. 0.5-ஐத் தாண்டினா நேர் ரோட்லயே நெளியும். 1975-ல வந்த 850 மார்க் 3-ல ஷிம்மை எடுத்துட்டு மரை வெச்ச வளையம் கொடுத்தாங்க, வண்டியைப் பிரிக்காமலே திருகிச் சரி பண்ணலாம். பழைய வண்டிக்கு இந்த வளையத்தை வாங்கி மாட்டுறதுதான் கமாண்டோக்காரங்க பலரும் பண்ற அப்கிரேட்.

அளக்கிறப்ப ஒரு விஷயம். எஞ்சினை ஒரு பக்கமா முழுசாத் தள்ளிட்டு, மொத்த இடைவெளியும் ஒரே பக்கம் வந்ததுக்கு அப்புறம் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) விடணும். ரெண்டு பக்கமும் தனித்தனியா விட்டுக் கூட்டினா கணக்கு தப்பும். மேல இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சிருந்தா தண்ணி புகுந்து உள்ள துருப்பிடிச்சிருக்கும். பிடிச்சிருந்தா நீங்க அளந்தது துருவைத்தான்.

ஷோர்60 | 4 மார்ச், காலை 6.40

ரப்பர் கெட்டின்னு கேட்டதால இதையும் போட்டு வைக்கிறேன். ரப்பர் எல்லா நடுக்கத்தையும் குறைக்காது. எஞ்சினுக்கும் ரப்பருக்கும் சேர்த்து ஒரு சொந்த அதிர்வெண் இருக்கு. எஞ்சின் சுத்து அதுல 1.41 மடங்கைத் தாண்டினாத்தான் குறைய ஆரம்பிக்கும். அதுக்குக் கீழ கூட்டித்தான் விடும், ரெண்டும் சமமா வர்ற இடத்துல பேயாட்டம்.

புல்லட் ஐடிலிங் 900 ஆர்பிஎம்னா 15 ஹெர்ட்ஸ். அங்கயே குறையணும்னா ரப்பரோட சொந்த எண் 11-க்குக் கீழ இருக்கணும். அதுக்கு எஞ்சின் தன் எடையிலயே 2 மி.மீ. அமுங்கி உக்காரணும். அவ்வளவு மெத்தையா வெச்சா கையால தள்ளினாலே ஆடும். ஆடக் கூடாதுன்னு கெட்டியாப் போட்டா, அந்தப் பேயாட்டம் 1800, 2000 ஆர்பிஎம்முக்கு ஏறி வந்துடும். ஊருக்குள்ள நாம ஓட்டுறதே அந்த ரேஞ்சுலதான்.

ரப்பர் கெட்டியை ஷோர்ங்கிற எண்ல சொல்வாங்க. ஷோர் 50-ல இருந்து 70-க்குப் போனா ரப்பர் விறைப்பு ரெண்டு மடங்குக்கு மேல கூடும், அதிர்வெண் ஒன்றரை மடங்கு ஏறும். 'கொஞ்சம் கெட்டியாப் போடு'ன்னு சொல்றது அவ்வளவு சின்ன விஷயம் இல்ல.

வார்ப்பிரும்பு350 | 4 மார்ச், காலை 8.10

சரி, ரப்பர் வேண்டாம். அப்ப என்னதான் பண்றது? 8 மி.மீ. அலுமினியம் பிளேட் சிஎன்சில வெட்டித் தர்றாங்க. அது?

மரைகழண்டவன் | 4 மார்ச், இரவு 9.00

வாங்குறதுக்கு முன்னாடி நடுக்கம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ஆள் இல்லாத ரோட்ல 65-க்குப் போய் கிளட்சைப் பிடிச்சு ஐடிலுக்கு விடுங்க. நடுக்கம் நின்னா எஞ்சின் பக்கம். நிக்காம வேகத்தோட சேர்ந்து குறைஞ்சா சக்கரம், டயர், ரிம். அடுத்து சென்டர் ஸ்டாண்ட்ல நியூட்ரல்ல அதே ஆர்பிஎம்முக்கு ஏத்துங்க. அங்க அவ்வளவு இல்லாம ரோட்ல மட்டும் வந்தா செயின்ல டைட் ஸ்பாட் (ஒரு இடத்துல மட்டும் இறுக்கம்) இருக்கா பாருங்க. சக்கரத்தை ஒரு முழுச் சுத்து சுத்தி, நாலு இடத்துல செயின் தொய்வை அளக்கணும்.

வளைவுல ஆடுறதுக்கு முதல் சந்தேகம் பவுண்டேஷன் மேல கிடையாது, ஸ்விங் ஆர்ம் புஷ் மேல. பின் சக்கரத்தை மேல கீழ ரெண்டு கையால பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. லொடக்குன்னா சக்கர பேரிங்கா, ஸ்விங் ஆர்மான்னு இன்னொருத்தர் பிவட்ல விரல் வெச்சுப் பாத்துச் சொல்லணும். அப்புறம் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புற பேரிங். இதெல்லாம் சரியா இருந்தா மட்டும் பவுண்டேஷனுக்கு வாங்க.

அங்க வந்ததும் டார்ச் அடிச்சு போல்ட் தலையைச் சுத்திப் பாருங்க. செம்மண் நிறத்துல குழைஞ்ச பொடி ஒட்டியிருக்கும், தொட்டா கையில குங்குமம் மாதிரி வரும். அது மழைத் துரு இல்ல. பிளேட்டும் போல்ட்டும் உரசி அரைச்ச இரும்பு. பொடி இருக்கிற இடம் ஆடுது, அவ்வளவுதான். வாஷரைக் கழட்டினா அடியில ஒரு வளையம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், அதுவும் அதே சாட்சி.

வார்ப்பிரும்பு350 | 7 மார்ச், மாலை 6.25

கிளட்ச் பிடிச்சா நின்னுடுது. ஸ்விங் ஆர்ம் லொடக்கு இல்ல. குங்குமம் இருக்கு, முன் பிளேட்ல கீழ் போல்ட் ரெண்டுலயும். ஹெட் ஸ்டெடி ஒரு பக்கம் போல்ட்டே காணோம்.

மரைகழண்டவன் | 7 மார்ச், இரவு 8.40

ஹெட் ஸ்டெடி, எஞ்சின் மண்டையை ஃப்ரேமோட பிடிக்கிற பட்டி, அதுல போல்ட் காணோமா! அதை முதல்ல சொல்லியிருந்தா மூணு நாள் மிச்சம். டேங்கைக் கழட்டினவங்க யாரோ திரும்ப மாட்டல. அது இல்லாட்டி எஞ்சின் கீழ் போல்ட்டை அச்சா வெச்சு மண்டையை முன்ன பின்ன ஆட்டும். ஆட்டி ஆட்டி முன் பிளேட் போல்ட் தளரும், சைலன்சர் வாய்ல புகை கசியும், கார்புரேட்டர் ஃப்ளோட்ல பெட்ரோல் நுரைக்கும். நீங்க 65-ல மிஸ்ஸிங்னு நினைச்சு ஜெட் மாத்தியிருந்தாலும் ஆச்சரியம் இல்ல.

பிரிச்சுப் பூட்டுற முறை:

டேங்க், ஹெட் ஸ்டெடி, சைலன்சர் வளைவு எடுத்துடுங்க. கிரான்க் கேஸ் அடியில மரக்கட்டை வெச்சு ஜாக்கி கொடுங்க. எஞ்சின் எடை கட்டை மேல வரணும், ஆனா வண்டி ஸ்டாண்டை விட்டு மேல எழும்பக் கூடாது. எல்லா போல்ட்டையும் தளர்த்திட்டு, பிளேட்டை ஒண்ணொண்ணா எடுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்தா எஞ்சின் தொங்கிடும், திரும்ப ஓட்டை சேராது.

போல்ட் ஒவ்வொண்ணையும் வெர்னியர்ல அளங்க, தேய்ஞ்ச இடத்துல ஒண்ணு, தேயாத இடத்துல ஒண்ணு. ஓட்டையை நீள வாக்குலயும் குறுக்கு வாக்குலயும் அளங்க. வித்தியாசம் 0.3 மி.மீ. வந்துட்டா பிளேட் குப்பை. ஓட்டைக்குள்ள உக்கார்ற இடம் வழுவழு தண்டா இருக்கணும். முழு நீளம் மரை வெச்ச போல்ட் போட்டிருந்தா அதுவே அரம் மாதிரி ஓட்டையைத் தின்னுடும். உங்க வண்டில பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

போல்ட் வாங்கப் போறப்ப பழசைக் கையில கொண்டு போங்க. பழைய புல்லட்ல பாதி இடம் அங்குல மரை. 5/16 அங்குலம் 7.94 மி.மீ., அதனால எம்8 கிட்டத்தட்ட நுழையும். ஆனா எம்8 மரைக்கு இடைவெளி 1.25 மி.மீ., 5/16 பிஎஸ்எஃப்-க்கு (பழைய பிரிட்டிஷ் நுண் மரை) அங்குலத்துக்கு 22 மரை, அதாவது 1.15. ரெண்டு சுத்து போய் நட்டு இறுகும். டைட்டாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க, உண்மையில பிளேட்டைப் பிடிச்சே இருக்காது.

மரைகழண்டவன் | 7 மார்ச், இரவு 9.30

முக்கியமானதை விட்டுட்டேன். பிளேட்டை மாட்டி போல்ட் போடுறதுக்கு முன்னாடி, பிளேட்டுக்கும் எஞ்சின் காதுக்கும் (போல்ட் நுழையுற நீட்டல்) நடுவுல பீலர் கேஜ் விட்டுப் பாருங்க. 0.1-க்கு மேல இடைவெளி இருந்தா அந்த அளவுக்கு ஷிம் வெட்டி வைங்க. போல்ட்டால இழுத்து ஒட்ட வைக்காதீங்க. பேர்தான் காஸ்ட் அயர்ன் எஞ்சின், இரும்பு பேரல் மட்டும்தான், கிரான்க் கேஸ் அலுமினியம். 1 மி.மீ. இடைவெளியை இழுத்துப் பூட்டினா காது எப்பவும் வளைஞ்ச நிலையிலயே இருக்கும். அதுக்கு மேல நடுக்கமும் சேர்ந்தா போல்ட் ஓட்டை ஓரத்துல மயிரிழை விரிசல் வரும். அலுமினியம் வெல்டிங் பண்ணலாம், ஆனா கேஸ் முழுசாப் பிரிக்கணும்.

பவுடர் கோட்டிங் பண்ணின பிளேட்னா வாஷர் உக்கார்ற வட்டத்துலயும் உள் முகத்துலயும் சுரண்டிடுங்க. ஒரு முகத்துக்கு 60ல இருந்து 100 மைக்ரான் பூச்சு. சூட்டுல அது நசுங்க நசுங்க போல்ட் இழுவை குறையும். சுரண்டின இடத்துல துரு வராம கிரீஸ் லேசா.

புதுசு_கிளாசிக் | 8 மார்ச், காலை 11.00

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க மெக்கானிக் எல்லா போல்ட்டையும் பாதி இறுக்கிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, அது தானா உக்காந்ததும் முழுசா இறுக்குவாரு. அப்படிப் பண்ணலாமா?

மரைகழண்டவன் | 8 மார்ச், பகல் 12.15

அது ரப்பர் மவுண்ட் வண்டிக்கான வழக்கம் ப்ரோ. ரப்பர் முறுக்கு இல்லாம தன் இடத்துல உக்காரட்டும்னு பண்றது. புல்லட்ல இரும்பு மேல அலுமினியம். ரெண்டு நிமிஷம் தளர்வா ஓடினா புது போல்ட் புது ஓட்டையைத் தட்டிக் கெடுக்கும். வேண்டாம்.

மரைகழண்டவன் | 8 மார்ச், மாலை 5.50

இறுக்குற வரிசை: எல்லாம் விரலால. ஜாக்கியை ஏத்தி இறக்கி, எல்லா போல்ட்டும் கையாலயே நுழைஞ்சு வர்ற இடம் கண்டுபிடிங்க. சுத்தியல் தேவைப்பட்டா ஏதோ நேரா இல்லன்னு அர்த்தம். அப்புறம் பின் பிளேட், அடி போல்ட், முன் பிளேட். ஜாக்கியை எடுத்துடுங்க. கடைசியா ஹெட் ஸ்டெடி. ஹெட் ஸ்டெடியை முதல்ல பூட்டினா எஞ்சினே அதுலதான் தொங்கும், மொத்த வேலையும் வீண்.

ஹெட் ஸ்டெடி இறுக்கம் இல்லாம பொருந்தணும், எஞ்சின் குளிர்ந்திருக்கணும். சூடானா பேரலும் ஹெட்டும் 0.2, 0.3 மி.மீ. மேல வளரும். தகட்டுப் பட்டி அதுக்கு வளைஞ்சு கொடுக்கும். அழகா இருக்குன்னு 10 மி.மீ. கட்டை அலுமினியத்துல செஞ்சு மாட்டினா வளைஞ்சு கொடுக்காது, ஹெட்ல இருக்கிற மரையைப் பிடுங்கும்.

இறுக்கம் (டார்க்): 8.8 பலத்துல இருக்கிற எம்8 போல்ட்டுக்கு 22 முதல் 25 என்எம் (நியூட்டன் மீட்டர்), எம்10-க்கு 45 முதல் 50.

ஷோர்60 | 8 மார்ச், இரவு 7.10

அந்த 50 காய்ஞ்ச மரைக்கான கணக்கு. கிரீஸோ லாக்டைட்டோ (மரைப் பசை) போட்டா அதே டார்க்குக்கு இழுவை அதிகமாகும். 15, 20 சதவீதம் குறைச்சு வைக்கச் சொல்லுங்க.

மரைகழண்டவன் | 8 மார்ச், இரவு 7.45

ஆமா, தப்பு என் மேல. கிரீஸ் தடவச் சொல்லிட்டு காய்ஞ்ச அளவு கொடுத்திருக்கேன். எம்10-க்கு 40, எம்8-க்கு 20 வைங்க. அந்த அளவு அசல் 8.8 போல்ட்டுக்கு மட்டும். தலையில 8.8-னு பொறிச்சிருக்கணும், வெறும் தலையா இருந்தா வாங்காதீங்க. அங்குல போல்ட்டுக்கும் இதே கணக்கை அப்படியே எடுக்காதீங்க, பழைய மென் இரும்புன்னா மரை போயிடும்.

ஸ்ப்ரிங் வாஷரை நம்பாதீங்க. பக்கவாட்டு ஆட்டத்துல நட்டு எப்படிக் கழலுதுன்னு 1969-லயே யுங்கர்ங்கிற ஜெர்மன் பொறியாளர் மெஷின் வெச்சுக் காட்டிட்டாரு. பிளேட் வழுக்காத அளவுக்கு இழுவை இருந்தா நட்டு கழலாது. வழுக்கினா ஸ்ப்ரிங் வாஷர் தடுக்காது. தடிமனான தட்டை வாஷர், நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வெச்சது), போதும். நைலாக் ஒரு தடவைதான், கையால முழுசாத் திருக முடிஞ்சா தூக்கிப் போடுங்க.

மரை கழண்டவன் மரையைப் பத்திப் பேசுறான்னு சிரிக்காதீங்க.

கமாண்டோ_பிரியன் | 9 மார்ச், காலை 7.30

சிரிச்சாச்சு.

பிளேட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. 8 மி.மீ. அலுமினியம்?

மரைகழண்டவன் | 9 மார்ச், காலை 9.20

வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன், யோசிச்சா அவ்வளவு தீர்மானமாச் சொல்ல முடியல. 6061 டி6 ரக அலுமினியத்துல, ஓட்டையை ரீமர் போட்டு (துல்லியமா வழுவழுப்பாக்கி) போல்ட் தண்டுக்கு ஒட்டி செஞ்சிருந்தா நல்ல பிளேட்தான், எடையும் குறையும். ட்ரில் மட்டும் போட்டு 0.4 மி.மீ. தாராளமா விட்டிருந்தா இரும்பை விடச் சீக்கிரம் முட்டை வடிவம் ஆகும். தடிமன் கூடினதால போல்ட் நீளமும் கூட்டணும், அதை மறந்து பழைய போல்ட்டையே போட்டு நட்டுல மூணு மரை மட்டும் பிடிச்சு நிக்கிற வண்டி நிறைய. அசல் இரும்பு பிளேட்டே புதுசா, ஓட்டை சரியா கிடைச்சா அதுதான் என் ஓட்டு.

இன்னொண்ணு. பவுண்டேஷன் விறைப்பானா கைப்பிடிக்கு வர்ற நடுக்கம் கண்டிப்பாக் குறையும்னு இல்ல. சில வேகத்துல குறையும், சிலதுல கூடும். திரும்புறது மட்டும் நிச்சயமாத் தேறும். சிங்கிள் சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், நடுக்கத்தைச் சமன் பண்ற பேலன்சர் தண்டு இல்ல. கிரான்க்ல எதிர் எடையைக் கூட்டினா மேல கீழ அடிக்கிறது குறைஞ்சு முன்ன பின்ன அடிக்கும். போல்ட்டால அதைக் கொல்ல முடியாது. கிளாசிக் ப்ரோ ஓட்டுறது 2021-க்கு அப்புறம் வந்த 349 சிசின்னா அதுல பேலன்சர் இருக்கு, அவருக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது.

புதுசு_கிளாசிக் | 9 மார்ச், காலை 10.05

அதேதான். ஆனா வீட்ல ஸ்கூட்டர் பின்னாடி ஆடுது. அதுவும் இதுதானா?

மரைகழண்டவன் | 9 மார்ச், இரவு 9.10

சொந்தக்காரன்தான். ஸ்கூட்டர்ல எஞ்சினே ஸ்விங் ஆர்ம், ஹேங்கர் லிங்க்ல ரப்பர் புஷ்ஷோட தொங்குது. கமாண்டோ மாதிரி பின் சக்கரமும் ரப்பர் மேல. ஹேங்கர் புஷ் வெடிச்சா பள்ளத்துல டக்குன்னு சத்தம், வளைவுல பின்பக்கம் ஒரு நொடி தாமதமா வரும். புது புஷ்ஷை பிரஸ்ல நேரா இறக்கணும். சுத்தியலால அடிச்சா வெளி ஓடு கோணலாகி ஆறே மாசத்துல கிழியும். போல்ட்டை வண்டி தரையில நிக்கிறப்ப இறுக்குங்க. தொங்க விட்டு இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கின நிலையிலயே இருக்கும். பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. போட்டா ஃப்ளோர்போர்டு ரீங்காரம் போடும், அதான் பதில்.

ஷோர்60 | 10 மார்ச், காலை 6.15

ரப்பரையும் பூட்டையும் சேர்த்து ஹார்லி 1980 எஃப்எல்டி-ல பண்ணியிருக்கு. ரப்பர் மவுண்ட், கூடவே பக்கவாட்டுல பிடிக்கிற இழுதடி. பியூல் 1987-ல ஆர்ஆர்1000-ல அதையே இன்னும் சுத்தமாப் பண்ணி யூனிபிளானர்னு பேர் வெச்சாங்க. தடியோட ரெண்டு முனையிலயும் ரோஸ் ஜாயின்ட் (பந்து மூட்டு), எஞ்சின் ஒரே தளத்துல மட்டும் ஆடும். ஸ்போர்ட்ஸ்டர் 2004-லதான் ரப்பருக்கு வந்துது. அந்த வண்டி வெச்சிருக்கிறவங்க ரப்பரை மாத்துறதுக்கு முன்னாடி தடி முனை லொடக்கான்னு பாருங்க.

வார்ப்பிரும்பு350 | 16 மார்ச், மாலை 5.00

முடிச்சாச்சு. முன் பிளேட் கீழ் ஓட்டை நீளவாக்குல 0.6 கூட இருந்துது. முழு மரை போல்ட்தான், நீங்க சொன்னது சரி. புது இரும்பு பிளேட், தண்டு போல்ட், இடது காதுல 0.4 ஷிம். ஹெட் ஸ்டெடி ரெண்டு பக்கமும். வளைவுல ஆட்டம் சுத்தமா இல்ல. கண்ணாடி 75 வரைக்கும் தெளிவு. ஆனா 50, 55-ல கைப்பிடில ஊசி குத்துற மாதிரி புதுசா ஒரு நடுக்கம்.

மரைகழண்டவன் | 16 மார்ச், இரவு 8.30

அது ஹேண்டில்பாரோட சொந்த அதிர்வு, முன்ன எஞ்சின் ஆட்டத்துல தெரியாம இருந்துது. பார் முனையில ரெண்டு பக்கமும் 200 கிராம் எடை செருகிப் பாருங்க, அந்த ஊசி வேற வேகத்துக்கு நகரும். நீங்க அதிகம் ஓட்டாத வேகத்துக்குத் தள்ளி விட்டா போதும்.

100 கி.மீ. ஓடினதும், எஞ்சின் ஆறினதுக்கு அப்புறம் எல்லாத்தையும் டார்க் ரெஞ்சால ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அப்பவே நட்டுல இருந்து பிளேட் வரைக்கும் நெயில் பாலிஷ்ல ஒரு கோடு இழுத்துடுங்க. 500-ல கோடு உடைஞ்சிருந்தா எந்த நட்டுன்னு சொல்லுங்க.

வார்ப்பிரும்பு350 | 16 மார்ச், இரவு 8.50

நெயில் பாலிஷ் கேட்டேன், வீட்ல ஒரு மாதிரி பாக்கிறாங்க.

கமாண்டோ_பிரியன் | 16 மார்ச், இரவு 9.15

சிவப்பு வாங்காதீங்க தம்பி, குங்குமப் பொடியோட கலந்துடும். வெள்ளை.